பேச்சு டீச்சரின் வாய்

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் பேச்சு டீச்சர். பக்கவாதத்தில் பேச்சுப் போனவர்களைப் பேசப் பழக்குகிற வேலை, பத்தொன்பது வருஷமாக. அதில் அவளுக்கு அறவே பிடிக்காதது மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. அன்றைக்கு மேற்பார்வையாளர் அம்மா வந்து கதைவழிச் சிகிச்சை என்று ஆரம்பிப்பார். நோயாளி தன் கதையைத் தானே சொல்ல வேண்டுமாம். அதற்கு டீச்சர் இடம் கொடுக்கிறாளா என்று பயிற்சியின் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்பாராம். ஜன்னல் திறக்காத அறை, ஆறிப்போன காபி, 'இப்ப உங்க மனசுல என்ன ஓடுது?' என்ற கேள்வி. சீ, எப்போது முடியும் என்றிருக்கும் டீச்சருக்கு.

இந்த முறை, அவளிடம் பயிற்சிக்கு வரும் தையல்காரர் ஒருவரின் கோப்பில் 'முன்னேற்றம் இல்லை' என்று எழுதிக் கொண்டுபோயிருந்தாள். மேடம் கையெழுத்துப் போட்டால் அந்த மனிதருக்குப் பயிற்சி அத்தோடு நின்றுவிடும்.

"ஏழு மாசமா தலைகீழா நின்னு பாத்துட்டேன் மேடம். மனுஷன் வாயே தொறக்கல."

"பதிவைப் போடுங்க, கேப்போம்."

"எ... எனக்கு..." என்று தையல்காரரின் குரல் வந்தது. "தண்ணி வேணுமா? இந்தாங்க!" என்று பாய்ந்தது இன்னொரு குரல். "நா... நான்..." "நல்லா இருக்கீங்க! சபாஷ்!" தொட்டில் பிள்ளையைக் கொஞ்சுகிற மாதிரி வழிந்த அந்தக் குரல் அவளுடையதேதான். கர்மம்! தடுமாறுகிறவருக்கு வார்த்தையை எடுத்துக் கொடுக்காதே என்று அவருடைய மனைவியை எத்தனை தடவை கடிந்திருக்கிறாள்!

பதினான்கு நிமிஷத்தில் அவர் பதினொரு தடவை ஆரம்பித்திருந்தார். பதினொன்றையும் அவளே முடித்திருந்தாள்.

"நிறுத்துங்க மேடம். கேக்கவே அருவருப்பா இருக்கு," என்றாள். மேடம் பதிவை நிறுத்தினார். டீச்சர் 'முன்னேற்றம் இல்லை' என்று எழுதிய தாளை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

திங்கட்கிழமை தையல்காரர் மனைவியோடு வந்து உட்கார்ந்தார். "நீ..." என்றார். டீச்சருக்கு நாக்கு துறுதுறுத்தது, பல்லைக் கடித்துக்கொண்டாள். மனைவி வாயெடுத்தாள், டீச்சர் கையைக் காட்டி அடக்கினாள். சுவர்க் கடிகாரத்தில் ஒரு நிமிஷம் போயிற்று.

"நீங்... க... ரொம்... ப... பேசு... றீங்க."

"ஐயோ, மன்னிச்சுக்குங்க டீச்சர்! அவரு ஏதோ..." என்று மனைவி பதறினாள்.

"சும்மா இரும்மா," என்றாள் டீச்சர். "அவரு இன்னும் முடிக்கல."