தெரு நடுவே போன கோடு

எல்லோரும் அவரை ஐஸ்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் ஐஸ் விற்றவர் அல்ல. மீன் ஏற்றுமதிக் கம்பெனியின் குளிர்பதனக் கிடங்கில் கம்ப்ரசர் ஓட்டியவர். கம்பெனி மூடியதும் வேலை போயிற்று, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

நகரத்தில் முன்பு ஒரே வேலைவாய்ப்பு அலுவலகம்தான் இருந்தது. கூட்டம் தாங்காமல் அதை வடக்கு, தெற்கு என்று பிரித்தார்கள். கோடு போட்ட மகராசன் அதை ஐஸ்காரரின் தெரு நடுவே இழுத்துவிட்டார். அவர் வீடு தெற்கு. எதிர்வீட்டில் குடியிருந்த அவருடைய சொந்த அக்கா வடக்கு. ஆலைகள் எல்லாம் வடக்கே இருந்தன. தெற்கில் துணிக்கடைகளும் தங்கும் விடுதிகளும்தான். ஆகவே தெற்கு அலுவலகம் அவரை ஒருமுறை விடுதிக் காவலுக்கு அனுப்பியது, இன்னொருமுறை மூட்டை இறக்க அனுப்பியது. இரண்டு இடத்திலும் நரைத்த தலையைப் பார்த்து, "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். அனுப்பவில்லை.

அப்போதுதான் பால் குளிரூட்டும் நிலையத்துக்குக் கம்ப்ரசர் ஆள் தேவை என்ற செய்தியை அக்கா கொண்டுவந்தாள். வடக்கு அலுவலகப் பலகையில் ஒட்டியிருந்ததாம். ஐஸ்காரர் ஓடினார். கவுன்ட்டரில் இருந்தவர் முகவரியைப் பார்த்ததுமே தலையை ஆட்டினார்.

"நீங்க தெற்குங்க. அங்கதான் கேக்கணும்."

"அங்க இந்த மாதிரி வேலையே வராதுங்களே."

"அதுக்கு நான் என்னங்க பண்ண முடியும்?"

அக்கா வழி சொன்னாள். "தலையணையைத் தூக்கிட்டு இங்க வந்துடுடா. என் வீட்டு முகவரியைக் குடு. தெருவைத் தாண்டினா நீயும் வடக்குதானே?"

மனைவிக்குப் பிடிக்கவில்லை. "கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போற பொண்ணுங்களைப் பாத்திருக்கேன். அக்கா வீட்டுக்குப் போற ஆம்பளையை இப்பத்தான் பாக்குறேன்" என்றாள். ஆனாலும் தடுக்கவில்லை. இந்த வேலையும் நழுவினால் அடுத்து எது வரும் என்று அவளுக்கும் தெரியாது.

ஐஸ்காரர் எழுதிக் கொடுத்த முகவரி மாற்றத்தை விசாரிக்க வடக்கு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். ஐஸ்காரர் அக்கா வீட்டு நாற்காலியின் நுனியில், விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"இங்கதான் குடியிருக்கீங்களா?"

"ஆமா மேடம், ரொம்ப நாளா" என்று அக்கா முந்திக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு மாடியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "என்னங்க! குளிக்கப் போறேன்னு போனீங்க, துண்டை இங்கயே விட்டுட்டீங்களே! சாப்பாடு வேற ஆறுது!"

அக்கா கூரையைப் பார்த்தாள். பொய் முகவரி என்று பதிவையே அடித்துவிட்டால் தெற்கும் இல்லை, வடக்கும் இல்லை. ஐஸ்காரர் எழுந்து நின்றார்.

"மேடம், அதுதான் என் வீடு. வேலைக்காகத்தான் இப்படிச் செஞ்சேன். தப்புதான்."

அதிகாரி பெருமூச்சு விட்டார். "இந்தத் தெருவுல இப்படி எதிர்வீட்டுக்குக் குடிபோனது நீங்க மட்டும் இல்லைங்க. பால் நிலையத்துக்கு நாங்க அனுப்புன ஒருத்தருக்கும் கம்ப்ரசர் தெரியல. மேனேஜர் போன்ல என் காதைப் பிச்சு எடுக்குறார்."

"அப்ப இவனை அனுப்புங்களேன்" என்றாள் அக்கா.

"எங்க பகுதியில ஆள் இல்லைன்னு நான் எழுதிட்டா, தெற்கு ஆபீஸ் இவரை அனுப்பலாம். விதி இருக்கு. ஆனா ஆளைச் சேர்த்த பேரு அவங்களுக்குப் போயிடும்னு இங்க யாரும் எழுதுறதில்ல."

"நீங்க எழுதுவீங்களா மேடம்?" என்று கேட்டார் ஐஸ்காரர்.

"இப்படி வெயில்ல வீடு வீடா ஏறி இறங்குறதுக்கு அதை எழுதிடலாம். முகவரியை மட்டும் பழையபடி மாத்திக்குங்க."

சொன்னபடியே எழுதினார். அந்த வாரமே தெற்கு அலுவலகம் ஐஸ்காரரைப் பால் நிலையத்துக்கு அனுப்பியது. மேனேஜர் இயந்திர அறையைக் காட்டி ஓட்டச் சொன்னார். ஐஸ்காரர் எண்ணெய் பார்த்து, வால்வுகளைத் தொட்டுப் பார்த்து, நிதானமாக ஓடவிட்டார். கொஞ்ச நேரத்தில் பால் தொட்டியின் வெப்பமானி முள் இறங்கத் தொடங்கியது. மேனேஜர் முகமும் குளிர்ந்தது.

"வடக்கோ தெற்கோ, எனக்குப் பால் கெடக் கூடாது. நாளைக்குக் காலையில வந்துடுங்க."

வெளியே வந்ததும் வாசல் படியில் உட்கார்ந்து மனைவிக்குப் போன் போட்டார்.

"கிடைச்சிடுச்சு."

மறுமுனையில் கொஞ்சம் மூக்கை உறிஞ்சும் சத்தம். "நிஜமாவா? அண்ணிகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல. உனக்குத்தான் முதல்ல."

போனைக் கீழே வைக்காமலே அவள் தெருவே அதிர, "அண்ணி! கிடைச்சிடுச்சாம்!" என்று கத்தினாள். எதிர்வீட்டிலிருந்து அக்காவின் பதில் போன் வழியாக லேசாகக் கேட்டது: "என் தம்பிக்குக் கிடைக்காம வேற யாருக்குடி கிடைக்கும்?"