நடுவில் வெட்டாமல் விட்ட புல்

எடப்பாடி பேருந்து நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். மேட்டூர் வண்டியின் கண்டக்டர் படியில் தொங்கியபடியே கத்தினார்: "ஏனுங்க, உங்க கரண்டு டிராக்டர்காரர் போயிட்டாருங்கோ! நெஞ்சு வலின்னு படுத்தாராம், எந்திரிக்கவே இல்லையாம்."

நான் பயப்படுகிற ஆள் அல்ல. மேட்டூர் முதல் நாமக்கல் வரை யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஆனாலும் அன்று முதுகில் ஒரு குளிர் இறங்கியது. இனி எனக்காகவும் சேர்த்துப் பயப்பட இந்த ஜில்லாவில் ஆள் இல்லையே என்றுதான்.

போனவர் சவரிமுத்து அண்ணன். அவரை அறிந்தவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சேலம் டவுனில் பிறந்தவர். மேட்டூரில் நாங்கள் வேலை பார்த்த கம்பெனியின் காலனியில் புல்வெளி எல்லாம் அவர் பொறுப்பு. வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் தன் தேசத்திலிருந்து வரவழைத்து, ஊர் திரும்பும்போது விட்டுப்போன பேட்டரி டிராக்டர் ஒன்று அங்கே இருந்தது. குட்டி யானை அளவு. வயிற்றுக்கு அடியில் பிளேடுகள் சுழலும். ஆசியாவிலேயே அது ஒன்றுதான் என்று நான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன், இதுவரை யாரும் மறுத்ததில்லை. அதை ஓட்டியவர் அவர். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றி, சார்ஜ் போட்டு, முன்னால் நடந்து கல் பொறுக்கியவன் நான். நான் எட்டாவது படித்தவன். ஏழாவதை இரண்டு தடவை படித்ததால் ஒன்பதுக்குச் சமம்.

அந்த வண்டிக்குச் சத்தமே கிடையாது. டீசல் வண்டி என்றால் அடுத்த தெருவிலேயே தெரியும். இது பக்கத்தில் வந்து நின்றாலும் மின்விசிறி ஓடுகிற மாதிரிதான் இருக்கும். எல்லோருக்கும் அது பெருமை. அவருக்கு மட்டும் அதுதான் பயம். "கத்துற நாய்க்கு ஒதுங்கிக்கலாம் சாமி. இது கத்தவே மாட்டேங்குதே" என்பார். ஹேண்டிலில் சைக்கிள் மணியைக் கட்டி, ஒவ்வொரு திருப்பத்திலும் அடிப்பார். காலனிப் பிள்ளைகள் ஐஸ்காரர் என்று ஓடிவந்து ஏமாந்து போகும்.

அவருடைய வெட்டு முறைகளும் பயத்திலிருந்து வந்தவைதாம். பனி காய்வதற்கு முன் சக்கரத்தை உருட்ட மாட்டார், வழுக்குமாம். அணைப் பக்கம் இறங்கும் சரிவில் மேலும் கீழுமாகத்தான் போவார். குறுக்கே போனால் வண்டி உருண்டு தண்ணீருக்குள் போய்விடும் என்று நடுங்குவார். புல் உயரமாக இருந்தால் பிளேடைத் தூக்கிவைத்து ஒருமுறை, இறக்கிவைத்து மறுமுறை. போன வாரம் கிழக்கு மேற்காக வெட்டினால் இந்த வாரம் தெற்கு வடக்கு. இல்லாவிட்டால் புல் ஒரே பக்கம் சாய்ந்து படுத்துக்கொள்ளும். போகும்போது ஒரு நிறம், வரும்போது ஒரு நிறம் என்று ஜமுக்காளம் விரித்த மாதிரி கோடு விழும். வேலியில்லாத பக்கம் எதுவோ, அதை நோக்கித்தான் எப்போதும் வெட்டிக்கொண்டு போவார். "உள்ளே இருக்கிறதுக்கு ஓட ஒரு வழி வேணும்ல?" பாம்பைத்தான் சொல்கிறார் என்று நான் நினைத்துக்கொள்வேன். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரைப் 'பயந்தாங்கொள்ளி சவரி' என்றார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

ஒரு வருடம் நல்ல மழை. கெஸ்ட் ஹவுஸுக்குப் பின்னால் ஒரு காடு மாதிரி புல் வளர்ந்து கிடந்தது, யானை நின்றாலும் தெரியாது. ஒருநாள் பெரிய விருந்தாளி ஒருவர் வருவதாகச் செய்தி. எங்கள் சூப்பர்வைசர் அன்று காலையிலேயே வந்து நின்றார். மாடியிலிருந்து பார்த்தால் அழகாகத் தெரிய வேண்டுமாம், வட்டம் வட்டமாக ஓரத்திலிருந்து நடுவுக்கு வெட்ட வேண்டுமாம்.

அண்ணன் கையைப் பிசைந்தார். "கோடு கோடாப் போடறேனுங்க. ரொம்ப நல்லா இருக்கும்."

"உன்னய யோசன கேட்டனா? அடுத்த மாசம் பர்மனென்ட் லிஸ்ட்டு என் கையிலதான் போகுது, தெரியுமில்ல?"

எத்தனையோ வருடமாகத் தினக்கூலி. மகளுக்குக் கல்யாணம் பேசிவைத்திருந்தார். அண்ணன் வண்டியில் ஏறினார்.

அணையில் தண்ணீர் திறந்துவிட்டிருந்த நாள் அது. அந்த இரைச்சலில் கத்திப் பேசினால்தான் கேட்கும். அவர் அடித்த மணி எனக்கே கேட்கவில்லை. வண்டி வட்டம் போட்டது. வெட்டாத புல் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் ஒரு கட்டில் அகலத்துக்கு நின்றது. இன்னும் ஒரே சுற்று.

அண்ணன் வண்டியை நிறுத்தினார். சாவியை உருவி வாயில் போட்டுக்கொண்டார்.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "ஏய்யா நிப்பாட்டின? கார் மெயின் கேட்டுக்கு வந்திருச்சுய்யா!"

அண்ணன் முடியாது என்று தலையை மட்டும் ஆட்டினார். முகம் சுண்ணாம்பாக இருந்தது.

"சாவியத் துப்புடா! நாளைக்கு இந்தப் பக்கம் வந்துராத!"

"குடுத்துருங்கண்ணா, பொழப்பு போயிரும்" என்று நானும் கெஞ்சினேன். அவர் பல்லை இறுக்கிக்கொண்டார். கண்ணில் தண்ணீர் நின்றது. அந்தப் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். காற்றில்லை. புல் அசைந்தது.

மலைப்பாம்பு என்று நினைத்து நான் பின்வாங்கவில்லை, ஓர் அடி முன்னால்தான் வைத்தேன். புல் விலகி ஒரு பெண் எழுந்து உட்கார்ந்தாள். மடியில் அரிவாள், பக்கத்தில் பாதி கட்டிய புல்லுக்கட்டு.

"அடிச்சுப்போடாதீங்க சாமி. எருமைக்குத்தானுங்க அறுத்தேன். இந்த சூப்பர்வைசரு கொரல் கேட்டதும் படுத்துட்டனுங்க. சத்தமே இல்லீங்களே, போயிட்டீங்கன்னு கெடந்தேன்."

புல் அறுக்க வருகிற பெண்களைப் பிடித்து அரிவாளைப் பிடுங்கி வைப்பது காலனியில் வழக்கம். அதற்குப் பயந்து படுத்திருக்கிறாள். சுற்றிச் சுற்றி வெட்டியதில் போக வழியில்லாமல் போயிருக்கிறது. கடைசி வெட்டு அவள் குதிகாலுக்கு ஒரு சாண் தள்ளிப் போயிருந்தது. ஒரு சாண். அதில் மட்டும் நான் கூட்டியும் சொல்ல மாட்டேன், குறைத்தும் சொல்ல மாட்டேன்.

சூப்பர்வைசர் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு, "புல்லுக்கட்ட எடுத்துக்கிட்டுப் போ தாயி" என்றார். அண்ணனால் இறங்க முடியவில்லை. நான்தான் ஒற்றைக் கையால் தூக்கி இறக்கினேன். "எப்படிண்ணா தெரிஞ்சுது, பாத்தீங்களா?" என்றேன். சாவியைக் கையில் துப்பிவிட்டுச் சொன்னார்: "ஒண்ணும் பாக்கல சாமி. பயமா இருந்துச்சு. அவ்வளவுதான்."

மாடியிலிருந்து விருந்தாளி நடுவில் நிற்கும் புல்லைக் காட்டி என்னவோ கேட்டார். "டிசைன் சார்!" என்று கத்தினேன். போட்டோ எடுத்துக்கொண்டார்.

அந்த வருட லிஸ்ட்டில் அண்ணன் பெயர் வரவில்லை. மகள் கல்யாணமும் தள்ளிப்போயிற்று. அதற்காக அவர் யாரையும் ஒரு சொல் சொல்லி நான் கேட்டதில்லை. பிறகு பர்மனென்ட் ஆனார், ஓய்வும் பெற்றார். கடைசி வரை பயந்துகொண்டேதான் இருந்தார். அவர் கையில் ஒரு தவளைக்குக்கூடக் காயம் பட்டதில்லை.

இப்போது நான் திருச்செங்கோட்டில் போர்வெல் போடுகிற ரிக் லாரி ஓட்டுகிறேன். பார்க்காத மாநிலம் இல்லை, ஏறாத மலை இல்லை. ஆனால் வண்டியைப் பின்னால் எடுக்கும் முன் இறங்கி, அடியில் குனிந்து, சக்கரம் சக்கரமாகப் பார்க்கிறேன். "ஏனுங்க மாமா, பொதையலா இருக்குது அடியில?" என்று ரிக் ஆட்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஒருநாளும் அங்கே யாரும் இருந்ததில்லை. இருந்தும் ஒவ்வொரு தடவையும் குனியும்போது நெஞ்சு திக்கென்கிறது. சவரிமுத்து அண்ணனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்தத் திக் மட்டும்தான். வண்டி ஓட்டுகிற வரைக்கும் இது என்னைவிட்டுப் போய்விடக்கூடாதே என்றுதான் இப்போது எனக்குப் பயம்.