மகள் ட்ரெயினிங்கில் இருக்கிறாள்

என் மகள் வங்கி வேலையை விட்டுவிட்டு டோக்கியோவில் ஒரு பேக்கரியில் பாண் போடுகிறாள் என்பது ரொறன்ரோவில் யாருக்கும் தெரியாது. ஒஃபிஸ் அவளை ஆறு மாத ட்ரெயினிங்குக்கு ஜப்பான் அனுப்பியிருக்கிறது என்பதுதான் எல்லோருக்கும் தெரியும். கதையை எழுதியவர் என் மனைவி. விநியோகம் நான். றிச்மண்ட் ஹில் கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நின்று சொன்னேன், மார்க்கம் நகரில் ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்கில் சொன்னேன், பல்லுக் காட்டப் போன இடத்தில் வாய்க்குள் பஞ்சோடும் சொன்னேன். ஆறு மாதம் பதினான்கு மாதமானபோது, "ட்ரெயினிங்கை நீட்டிப்போட்டாங்கள், பிள்ளை அவ்வளவு கெட்டிக்காரி" என்று கூசாமல் அடித்துவிட்டேன்.

மனைவியின் அக்காவிடம்தான் அது எடுபடவில்லை. "உதென்ன ட்ரெயினிங்? ரொக்கெற் விடப் பழக்கிறாங்களோ?" என்று ஒரு பிறந்தநாள் வீட்டில் எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டார். அன்றைக்கே எங்கள் வீட்டில் அவசரக் கூட்டம். மனைவிக்கு முழங்கால் ஒபரேஷன் முடிந்திருந்த நேரம், ஆகவே தூது போக நான். போக ஒரு ரிக்கெற், திரும்பி வர இரண்டு.

"கோபிக்காமல், பூவெல்லாம் பாத்து, ஆறுதலாக் கதைச்சுக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார் மனைவி. மகளுக்கு நான் சும்மா செர்ரிப் பூப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தோம். முப்பது வருடமாக வீட்டு முற்றத்து ரோஜாவைக்கூடத் திரும்பிப் பார்க்காத மனிதனுக்கு ஜப்பான் பூவில் திடீர் மோகம் என்றால் நம்பாமல் இருப்பாளா?

முதல் மூன்று நாளும் வெயில். கதைக்கத் தோதான இடம் பூமரத்தடிதான் என்று நானும் ஒவ்வொரு மரமாகத் தள்ளிப்போட்டேன். நாலாம் நாள் காலை வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஹோட்டலில் முன்மேசைப் பையன் எழுந்து நின்று குனிந்து, மழைக்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டான். ரொறன்ரோவில் பேஸ்மெண்டுக்குள் முழங்கால் தண்ணீர் வந்தாலும் வீட்டுக்காரன் மன்னிப்புக் கேட்க மாட்டான். இவன் வானத்துக்காகக் கேட்கிறான். பரவாயில்லை, மன்னித்தேன் என்று தலையாட்டிவிட்டு அவன் தந்த குடையை வாங்கிக்கொண்டேன்.

மகளுக்கு அன்று மத்தியானம் வரை வேலை. கடையிலேயே வந்து இருங்கோ என்றாள். ரயில் நிலையத்திலிருந்து கடைக்கு ஏழு நிமிட நடை. வழியெல்லாம் கண்ணாடி போன்ற குடைகள், எல்லாம் ஒரே மாதிரி. இவ்வளவு கூட்டத்தில் ஒருவன் ஹோர்ன் அடிக்க வேண்டுமே, ஒருவன் மற்றவனின் குடைக் கம்பியில் கண்ணைக் கொடுத்துவிட்டுத் தூஷணம் பேச வேண்டுமே? ஒன்றும் இல்லை. இப்படி ஒழுங்காக நனைகிற சனத்தை நான் கண்டதே கிடையாது. கடை வாசலில் குடைக்கு நீட்டு பொலித்தீன் உறை வைத்திருந்தார்கள். குடைக்குச் சட்டை போட்டுக் கூட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

சின்னக் கடை. ஜன்னலோரம் மூன்று உயர ஸ்ரூல்கள், பின்னால் கண்ணாடித் தடுப்பு, அதற்கப்பால் பாண் வேகும் போறணை. முதலாளி என் வயதுக்காரர். குனிந்தார், நானும் குனிந்தேன். அவர் இன்னும் குனிந்தார். விட்டுக்கொடுப்பேனா? நானும் இறங்கினேன். கடைசியில் என் இடுப்புத்தான் தோற்றது. ஜப்பான் மொழியிலும் பாணுக்குப் பெயர் பாண்தானாம். கணக்காளர் பரீட்சை எல்லாம் பாஸ் பண்ணின பிள்ளை இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தாள் என்று வயிறெரிந்தபடியே ஒன்றைக் கடித்தேன். பயற்றம் பணியாரத்துக்குள் இருக்க வேண்டிய இனிப்புப் பயற்றுச் சாமானைப் பாணுக்குள் வைத்துச் சுட்டிருந்தார்கள். குறை சொல்வதற்காக இன்னொன்றும் சாப்பிட்டேன்.

வெளியே மழை பெய்துகொண்டே இருந்தது. மஞ்சள் தொப்பி போட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாகப் போனார்கள். கோட் போட்ட ஒருவர் குடை நிறையப் பூவிதழ் ஒட்டிக்கொண்டது தெரியாமல் பெரிய மனிதத் தோரணையில் நடந்தார். ஜன்னல் கண்ணாடியில் என் மூச்சு படிந்தது, துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். பிள்ளையைப் பிரித்துக்கொண்டு போக வந்தவன் பாணும் கையுமாக மழை பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். வெட்கக்கேடு, ஆனால் உண்மை.

அப்போதுதான் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. முழங்கை வரை மாவோடு மகள் யாருக்கோ ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். எங்கள் வீட்டில் அவள் அப்படிக் கடைசியாகச் சிரித்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

போன் அடித்தது. மனைவியின் அக்கா, வீடியோவில். ரொறன்ரோவில் இன்னும் முந்தின நாள் இரவு ஒன்பது மணி, சாப்பிட்டு முடித்துவிட்டுச் சாவகாசமாக எடுத்திருந்தார்.

"தம்பி, பூவைக் காட்டுங்கோ பாப்பம்."

"மழை, அக்கா."

"மழைக்குப் பூ ஓடிப்போச்சோ? சரி, பிள்ளை எங்கை?"

"ஒஃபிஸிலை" என்றேன். பழக்க தோஷம்.

அந்த நேரம் பார்த்து மகள் ஏப்ரனோடு, கையில் தட்டத்தோடு வந்தாள். "அப்பா, இது இப்பதான் எடுத்தது, சூடு..." என்றவள் போனைக் கண்டாள். அடுத்த நொடி ஆளைக் காணவில்லை. இருபத்தொன்பது வயதுப் பிள்ளை தட்டத்தோடு கவுண்டருக்குப் பின்னால் குந்திவிட்டாள். ஒளி என்று நான் சொல்லவில்லை, கண் காட்டவும் இல்லை. தானாகவே ஒளிந்தாள். முதலாளி ஒன்றும் விளங்காமல் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க எனக்கு மானம் போனது.

"எழும்பு பிள்ளை" என்றேன்.

அவள் தலையாட்டி மறுத்தாள். நான் போனைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு கவுண்டருக்கு மேலால் எட்டினேன்.

"அக்கா, இந்தா பாருங்கோ. இவள் ஒஃபிஸிலை இல்லை. ட்ரெயினிங்கும் இல்லை, ஒரு மண்ணுமில்லை. பாங்க் வேலையை விட்டுப்போட்டு இஞ்சை பாண் போடுறாள். கூட்டிக்கொண்டு வரத்தான் என்னை அனுப்பினவை. நான் கூட்டிக்கொண்டு வரேல்லை."

அக்கா போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவந்தார்.

"பாணோ?" என்றார்.

"ஓம், பாண்."

"நல்லா வருதோ?"

"நான் இப்ப மூண்டாவது சாப்பிடப்போறன்."

"சரி, வைக்கிறன்" என்று டக்கென்று வைத்துவிட்டார். அவரின் அவசரம் எனக்கு விளங்கியது. ஆட்கள் படுக்கப்போக முதல் அழைத்துச் சொல்ல வேண்டிய வீடுகள் ஸ்கார்பரோவில் மட்டும் எத்தனை!

மகள் எழும்பி வந்து பக்கத்து ஸ்ரூலில் இருந்தாள். தட்டத்தை என் முன்னால் வைத்தாள்.

"அம்மா உங்களைக் கொல்லப்போறா."

"தெரியும். பிளேன் ஏற இன்னும் ரெண்டு நாள் இருக்கு, அதுவரைக்கும் உயிரோடை இருப்பன்."

அவள் சிரிக்கவில்லை. "ஏன் அப்பா சொன்னனீங்கள்?"

எனக்கும் நக்கல் வரவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "நீ பாங்கிலை இருக்கேக்கை, வேலையாலை வந்து ட்ரைவ்வேயிலை காருக்குள்ளையே இருப்பாய். லைற்றை நிப்பாட்டிப்போட்டு. அரை மணித்தியாலம், சிலவேளை ஒரு மணித்தியாலம். நான் மேல் ஜன்னலாலை பாத்துக்கொண்டு நிப்பன். ஒருநாள்கூட இறங்கி வந்து, என்ன பிள்ளை எண்டு கேக்கேல்லை."

அவள் ஏப்ரனில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே திரும்பவும் துடைத்தாள்.

"கர்ட்டின் அசையிறது தெரியும், அப்பா" என்றாள். "நீங்கள் இறங்கி வருவியள் எண்டுதான் அவ்வளவு நேரம் இருக்கிறனான்."