பயறும் அரிசியும் ஒரே இலையில்

காலை ஆறரை மணிக்கு ஏழுமலை மாஸ்டர் போன் செய்தார். எங்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருந்தவர். சாவுச் செய்தியையும் மேட்ச் முடிவு மாதிரிதான் சொல்வார். "நாகரத்தினம் டீச்சர் போய்ட்டாங்க சார். நெஞ்சு எரியுதுன்னு சொல்லிக்கினே படுத்தாங்களாம், எழுந்துக்கல. சாயந்திரம் எடுக்கறாங்க." நான் அப்படியா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன். சட்டை மாட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, நிம்மதி. இனி டீச்சர் யாரிடமும் எதையும் சொல்ல முடியாது என்ற நிம்மதி. அது ஏன் வந்தது என்று சொல்வதற்காகவே இதை எழுத ஒத்துக்கொண்டேன்.

பழைய மாணவர் மலரில் டீச்சரைப் பற்றி எழுதும்படி எனக்கு முன்னால் மூன்று பேரைக் கேட்டார்களாம். மூன்று பேருக்கும் அந்த வாரம் பார்த்துத் தலைக்கு மேல் வேலை வந்துவிட்டது. ஸ்டாஃப் ரூமில் அவருக்கு எதிரே உட்கார்ந்து வருஷக்கணக்கில் சாப்பிட்டவன் என்பதால் கடைசியில் என்னிடம் வந்தார்கள். உங்களில் பலர் அவரிடம் மனையியல் படித்தவர்கள். அன்பின் உருவம், தாய் உள்ளம் என்றெல்லாம் நான் ஆரம்பித்தால் நீங்களே மலரை மடித்து விசிறிக்கொள்வீர்கள். அவர் அரை மார்க்கைக்கூட யாருக்கும் சும்மா போட்டதில்லை. போட்ட மார்க்கையும் அழ வைத்துத்தான் கொடுப்பார்.

மற்றவர்களுக்குக் கட்சி, கோவில், கிரிக்கெட் என்று இருப்பதுபோல டீச்சருக்குப் புரதம் இருந்தது. பயறு வகையில் ஒரு அமினோ அமிலம் குறைவு, அரிசியில் இன்னொன்று குறைவு. ஒன்றில் குறைவதை மற்றது ஈடுகட்டும். இதுவரை சரி. அதோடு நிறுத்த மாட்டார். இரண்டும் ஒரே வேளையில், ஒரே இலையில் சேர்ந்து உள்ளே போனால்தான் புரதம் முழுமையாகும், தனியாகத் தின்ற பயறு வீண் என்பார். "பயறும் அரிசியும் ஒரே இலையில வரணும். அப்பதான் அதுக்குப் பேரு சாப்பாடு." இந்த வரியை ரெகார்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதாத மாணவி எங்கள் பள்ளியில் இருந்திருக்க முடியாது.

நம் ஊரில் இந்தச் சட்டத்தை மீறுவது லேசான காரியம் இல்லை. இட்லி, பொங்கல், அடை, சாம்பார் சாதம் என்று எல்லாமே கலந்துதான் இலைக்கு வருகின்றன. அதனால் வருஷத்தில் முக்கால்வாசி நாள் டீச்சர் சாதுவாக இருப்பார். நவராத்திரி வந்தால்தான் போர். கொலு வைத்த வீடுகளில் தினம் ஒரு சுண்டல் தருவார்கள். டீச்சர் தன் கைப்பையில் ஒரு டப்பா நிறையப் பொரி கொண்டுபோவார். சுண்டல் கைக்கு வந்ததும் அதன் மேல் பொரியைக் கொட்டிக் கிளறி, "இப்பதான் இது ஆகாரம்" என்று அந்த வீட்டுக்காரியின் முகத்தைப் பார்த்தே சொல்வார். இப்படி இரண்டு நவராத்திரி போனதும் பெரிய காஞ்சிபுரத்தில் பாதி வீடுகள் அவரைக் கொலுவுக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டன.

நானும் ஒரு நாள் மாட்டினேன். என் மனைவி மாகறலில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. அவள் திரும்பி வரப்போவதில்லை என்பது எனக்கு முன்பே ஸ்டாஃப் ரூமுக்குத் தெரிந்திருந்தது. எனக்குச் சமையல் வராது. கொண்டைக்கடலையை உப்புப் போட்டு வேகவைத்து எடுத்துக்கொண்டு போயிருந்தேன். டீச்சர் எட்டிப் பார்த்தார்.

"என்னா சார், வெறும் கடலைய தின்னுக்கினு இருக்கீங்க? ஒரு பிடி சோறு வடிக்கத் தெரியாதா?"

நான் டப்பாவை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"இப்பதான் புரியுது, அந்தம்மா ஏன் போனாங்கன்னு. இப்படி ஒரு சாப்பாட்ட வச்சிக்கினு எவ இருப்பா?"

ஏழுமலை மாஸ்டர் மின்விசிறியைப் பார்த்தார். மற்றவர்கள் தட்டைப் பார்த்தார்கள். டீச்சர் தன் டப்பாவிலிருந்து சோற்றை அள்ளி என் மூடியில் வைத்து, "தின்னுங்க, கடலை வீணாப் போவக் கூடாது" என்றார். நான் அந்தச் சோற்றைத் தின்றேன். தின்றதற்காகவே அவரை மன்னிக்கவில்லை.

அடுத்த வருஷம் என்னைப் பணியிடைப் பயிற்சிக்குச் சென்னைக்கு அனுப்பினார்கள். நான் உயிரியல் ஆசிரியன். அங்கே பாடம் எடுத்த அம்மா பேச்சோடு பேச்சாக ஒன்றைச் சொன்னார். பயறையும் தானியத்தையும் ஒரே வேளையில் சேர்த்துச் சாப்பிட வேண்டும் என்ற கட்டாயத்தை உணவியல்காரர்கள் எப்போதோ கைவிட்டுவிட்டார்கள். நாள் முழுக்கச் சாப்பிடுவதில் இரண்டும் போதுமான அளவு இருந்தால் உடம்பு தானே எடுத்துச் சேர்த்துக்கொள்ளும். காலையில் இட்லி, மாலையில் பயறு என்றாலும் குறைவில்லை. நான் இதைக் குறித்துக்கொள்ளக்கூட இல்லை. வெல்லக் கட்டி மாதிரி வாயிலேயே அடக்கி வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

ஏழுமலை மாஸ்டரிடம் மட்டும் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "டீச்சர்கிட்ட சொல்லிடாதீங்க சார். அப்புறம் மதியானம் நமக்கு இன்னா பொழுதுபோக்கு கீது?"

நான் சொல்லவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு மதியமும் எனக்குத் திருவிழா. ஒன்றும் தெரியாதவன்போல முகத்தை வைத்துக்கொண்டு சந்தேகம் கேட்பேன். "டீச்சர், சோறு தின்னு பத்து நிமிஷம் கழிச்சி சுண்டல் தின்னா?" அவர் சாப்பாட்டை விட்டுவிட்டு, ஈரக் கையால் மேஜையில் படம் போட்டு விளக்குவார். மேஜைக்கு அடியில் ஏழுமலை மாஸ்டர் என் காலை மிதிப்பார். ஒரு நாள் டீச்சர் தலைமையாசிரியரிடம் என்னைக் காட்டி, "இந்த ஸ்கூல்லயே பயாலஜி சார் ஒருத்தர்தான் கேட்டுத் தெரிஞ்சிக்கணும்னு நெனக்கிறவரு" என்று சொன்னார். அதையும் நாங்கள் ஒரு வாரம் வைத்துச் சிரித்தோம்.

இந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் விமலா வந்தாள். திருப்பருத்திக்குன்றத்துப் பெண், பிளஸ் டூ மாணவி. சென்னைக்குப் போய் உணவியல் படிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். அவர்கள் சமணர்கள். இருட்டுவதற்குள் சாப்பாட்டை முடித்துக்கொள்கிற வீடு. ஒரு நாளைக்கான உணவுத் திட்டம் எழுதச் சொன்னபோது அவள் தன் வீட்டில் நடப்பதையே எழுதினாள். காலை இட்லி, மதியம் சாதமும் மோர்க்குழம்பும், மாலை ஐந்து மணிக்கு ஒரு கிண்ணம் பச்சைப்பயறும் ஒரு டம்ளர் மோரும். டீச்சர் மாலைப் பகுதி மேல் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டார்.

"பொழுது போனா உங்க வீட்ல பட்டினி. பட்டினிய நோட்டுல எழுதிக் குடுத்தா நான் மார்க் போடணுமா?"

வகுப்பே சிரித்திருக்கிறது. விமலா உட்காரவில்லை. "ஒரு நாளைக்குள்ள ரெண்டும் வந்துடுது மிஸ்" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். டீச்சர் அவளை வெளியே நிறுத்தினார். அந்த முதல் பக்கத்து வரியை நூறு முறை எழுத வைத்தார். அகமதிப்பீட்டு மார்க்கிலும் கை வைத்தார்.

மறுநாள் விமலா என்னிடம், லேபுக்கு வந்தாள். கையில் கோடு போட்ட நோட்டு. "சார், காலைல துன்ன இட்லி சாயந்திரத்துக்குள்ள வீணாப் போய்டாதுல்ல? அப்ப பயறு அதோட சேந்துக்கும்ல சார்? நான் எழுதனது தப்பா?"

பதினேழு வயதுப் பெண் தன் மூளையால் யோசித்துக் கண்டுபிடித்ததை நான் பயிற்சிக்குப் போய்க் காதில் வாங்கிவந்திருந்தேன். நீ எழுதியது சரி என்று சொல்ல அரை நிமிஷம் ஆகியிருக்காது. சொன்னால் அவள் டீச்சரிடம் போவாள், டீச்சருக்கு விஷயம் தெரியும், என் மதியங்கள் முடிந்துபோகும். எனக்குத் தோன்றியது அவ்வளவுதான். "டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும். போம்மா" என்றேன். அவள் நோட்டை மூடிக்கொண்டு போனாள். அந்த வருஷம் உள்ளூரிலேயே பி.காம். சேர்ந்தாள். அந்தப் பாடத்தின் பேச்சே வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டாளாம்.

ஆறு வருஷம் கழித்து டீச்சருக்குப் பணி நிறைவு விழா. என்னைப் பேசச் சொன்னார்கள். மாலையும் கழுத்துமாக அவர் மேடையில் உட்கார்ந்திருந்தார். நான் அவர் கொள்கையை முதலில் புகழ்ந்தேன், பொரி டப்பாவைச் சொன்னேன், கூட்டம் சிரித்தது. பிறகு, "டீச்சர் இனி வீட்டில் நிம்மதியாகச் சுண்டல் சாப்பிடலாம், ஏனென்றால் இந்த ஒரே இலைச் சட்டத்தை உலகம் எப்போதோ கிழித்துப் போட்டுவிட்டது" என்று சொல்லி, பயிற்சியில் கேட்டதை வரி பிசகாமல் ஒப்பித்தேன். கைதட்டல் அடங்க நேரம் ஆனது. டீச்சரும் தட்டினார். முதலில் அவருக்கு அது வேடிக்கை என்றே பட்டிருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அவர் கை நின்றது. என் வாழ்க்கையில் நான் பேசிய ஒரே நல்ல மேடைப் பேச்சு அது.

சாப்பாட்டுப் பந்தியில் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இலையில் எதையும் தொடவில்லை.

"எத்தினி வருஷமா தெரியும் சார் உங்களுக்கு?"

"எட்டு வருஷமா."

"அப்ப அந்த விமலா பொண்ணு உங்ககிட்ட வந்து கேட்டாளே. அப்பவே தெரியுமா?"

விமலா என்னிடம் வந்தது அவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்குப் புரியவில்லை. "தெரியும்" என்றேன். அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன், ஆசையோடு காத்திருந்தேன் என்றே சொல்லலாம். அவர் திட்டவில்லை. "அந்தப் பொண்ணு வூட்டுக்குப் போவணும். நான் தெரியாம சொன்னேன், நீங்க தெரிஞ்சி சொன்னீங்க. ரெண்டு பேரும் போவணும். ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடுங்க" என்றார்.

நான் போகவில்லை. போனை அணைத்துவிட்டு வீட்டிலேயே இருந்தேன். பத்தரை வரை நின்று பார்த்துவிட்டு அவர் தனியாக ஆட்டோ பிடித்துப் போனாராம். மறுநாள் கூப்பிட்டார். காய்ச்சல் என்று புளுகினேன்.

"கஞ்சி குடிங்க. கஞ்சியில பயறு போட்டுக் கொதிக்க வைங்க." வைக்கிறேன் என்றவர் போனை வைக்கவில்லை. "போடலன்னாலும் ஒண்ணும் இல்ல. அப்புறமா தின்னுக்கலாம்."

அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. அப்புறம் இரண்டு வருஷம், கடைத்தெருவில் அவரைப் பார்த்தால் நான் எதிர்ப்புறம் போய்விடுவேன்.

சாவு வீட்டுக்குப் போனபோது பக்கத்து வீட்டில் தறியை நிறுத்தியிருந்தார்கள். வாசலில் வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தது விமலா. பட்டுக்கடையில் புடவை எடுத்துக் காட்டும் வேலையில் இருக்கிறாள். லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். இரண்டு வருஷமாக வாரம் ஒரு தடவை டீச்சரைப் பார்க்க வந்துகொண்டிருந்தாளாம். எனக்கு அங்கேயே திரும்பிவிடலாம் போல இருந்தது. அவளே பக்கத்தில் வந்தாள்.

"மிஸ் அன்னிக்கு வூட்டுக்கு வந்து எங்கப்பா எதிர்லயே நான் எழுதனதுதான் சரின்னு சொன்னாங்க சார். பழைய நோட்டு இருக்குதான்னு கேட்டாங்க. தூக்கிப் போட்டுட்டேன்னு சொன்னதும், ஒரு வெள்ளப் பேப்பர்ல முழு மார்க் போட்டு, கையெழுத்தும் போட்டுக் குடுத்தாங்க. இத்தினி வருஷம் கழிச்சி மார்க் எதுக்கு மிஸ்னு கேட்டேன். போட்டது தப்பாச்சே, மாத்தணும்லன்னாங்க."

நான் தலையை ஆட்டினேன்.

"உங்களப் பத்தியும் சொன்னாங்க சார். நான் கேட்டப்ப உங்களுக்கும் தெரியாதாம். பின்னாடி ட்ரெய்னிங்லதான் தெரிஞ்சுதாம். தெரிஞ்சதும் பயப்படாம மேடையில எழுந்து சொன்னீங்களாம். சார் மேல கோவம் வெச்சிக்காதம்மான்னாங்க."

மூன்றடி தள்ளி டீச்சர் படுத்திருந்தார். மூக்கில் பஞ்சு வைத்திருந்தார்கள். எனக்குத் தெரிந்து அவர் சொன்ன ஒரே பொய் அதுதான். அதை எனக்காகச் சொல்லியிருந்தார். விமலா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான், "ஆமாம்மா" என்றேன். பிணத்தை வைத்துக்கொண்டு அதையும் சொன்னேன்.

இரக்கப்பட்டு அப்படிச் சொன்னாரா, என்னைத் தண்டிக்கச் சொன்னாரா என்று இந்தப் பத்து நாளாக யோசிக்கிறேன். அவரிடம் படித்த நீங்கள் இரண்டாவது என்றுதான் சொல்வீர்கள். எனக்கு அழுகை வந்தது. ஆனால் அது அவருக்காக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் சிரித்துத் தீர்த்த அந்த அம்மா, தான் சொன்னது தப்பு என்று தெரிந்த வாரமே ஒரு பெண்ணின் வீட்டு வாசலில் போய் நின்றார். தெரிந்தே தப்பாகச் சொன்ன நான் போனை அணைத்துக்கொண்டு கிடந்தேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அவர் தனியாகப் போன அந்த ஞாயிற்றுக்கிழமைதான். அந்தப் பொய்யை மட்டும் என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை.

விமலா, இந்த மலர் உன் வீட்டுக்கும் வரும். நீ நோட்டோடு லேபுக்கு வந்து நின்றபோது எனக்குத் தெரியும். நீ எழுதியது சரி என்று தெரிந்தேதான் உன்னைப் போகச் சொன்னேன்.