ஏழாம் நம்பர் குட்டியின் வயது

கலகெதரவுக்கு வந்து கணபதி எங்கே என்று கேட்டால், "இப்ப என்ன வேலை பாக்குற கணபதி?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஆள் ஒருவர்தான். வேலைகள்தான் பல. றப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார், மழை ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டார். கண்டி மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார், மூட்டை ஒத்துக்கொள்ளவில்லை. அம்பிட்டியவில் ஒரு டாக்டர் வீட்டுத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார், அந்த வீட்டு நாய் இவரை ஒத்துக்கொள்ளவில்லை. கடுகண்ணாவையில் பராட்டா போட்டார். அங்கே ஒரு குறையும் இல்லை. குறையே இல்லாத இடத்தில் எத்தனை நாள்தான் இருப்பது என்று வந்துவிட்டார்.

வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஒரு காரணமும் கூடவே வரும். காரணம் பொய்யாக இருக்கும், ஆனால் கேட்கச் சுவையாக இருக்கும். அவருடைய மனைவி அழகம்மா கண்டி டவுனில் துணிக்கடையில் நிற்பவர். நாள் முழுக்க வாடிக்கையாளர் சொல்லும் கதைகளைக் கேட்டுப் பழகியவர் என்பதால் புருஷன் கதையையும் முழுசாகக் கேட்பார். கேட்டுவிட்டு, "சரி, ஆட்ட அவுத்துக்கிட்டுப் போங்க" என்பார்.

ஆடுகள் அழகம்மாவுடையவை. அவர் சேர்த்து வாங்கியவை. விற்பதா வைத்திருப்பதா என்பது அவர் முடிவு. மேய்ப்பது மட்டும் கணபதி. அந்த ஒரு வேலையை மட்டும் அவர் இன்னும் விடவில்லை, ஏன் என்று யாரும் கேட்டதுமில்லை.

மந்தையில் சுந்தரி என்று ஒரு கிழட்டு ஆடு. பெயரைக் கேட்டு ஏமாறக்கூடாது. இடது கொம்பு பாதியில் முறிந்திருந்தது, வலது காதை எப்போதோ ஒரு நாய் ருசி பார்த்திருந்தது. குருநாகல் வீதியைக் கடக்கும் இடத்தில் சுந்தரி ஓரமாக நிற்கும். அது நிற்கும்வரை மற்ற ஆடுகளும் நிற்கும். பஸ் போய், லொறி போய், ஹார்ன் அடித்துக்கொண்டு வருகிற பையனும் போன பிறகுதான் இறங்கும். அந்தச் சந்தியில் பொலிஸ்காரருக்குக்கூட அவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

ஆனால் இரண்டு வருடமாகச் சுந்தரிக்குச் சினை பிடிக்கவில்லை. ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே அழகம்மா சொன்னார். "குட்டியும் இல்ல, பாலும் இல்ல. தின்னுறது மட்டும் கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி. அடுத்த தடவ ரிஸ்கான் தம்பி வந்தா ஏத்தி விட்ரலாம்."

ரிஸ்கான் ஆட்டு வியாபாரி. வளர்க்கக் கேட்பவர்களுக்கும் விற்பார், இறைச்சிக் கடைக்கும் கொடுப்பார். கிழட்டு ஆட்டை யாரும் வளர்க்கக் கேட்க மாட்டார்கள். கணபதிக்கு அது தெரியும். "ம்" என்றார். அவருடைய 'ம்'முக்கும் 'சரி'க்கும் நடுவில் ஒரு பெரிய புல்வெளி உண்டு. பொய்கள் அங்கேதான் மேயும்.

அந்த வாரம்தான் துஷாந்தி வந்தாள். யாழ்ப்பாணத்துப் பெண், பல்கலைக்கழகத்தில் ஆடு மாடு பற்றிப் படிக்கிறவள். ஒரு பை நிறைய மஞ்சள் பிளாஸ்டிக் வில்லைகள், ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர். கூடவே காது குத்த ஓர் இடுக்கி.

இடுக்கியைப் பார்த்ததும் அழகம்மா குறுக்கே வந்தார். "எம் மகளுக்கே மாமன் மடியில உக்கார வெச்சுத்தான் மிஸ் காது குத்துனோம். இதுகளுக்கு மாமன் யாரு?"

"வேணும்னா நான் உக்காந்துக்கிறேன்" என்றார் கணபதி.

"நீங்க மாமன் இல்ல. மேய்க்கிற ஆளு."

துஷாந்திக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அழகம்மா சிரிக்கவில்லை. கடைசியில், காது வேண்டாம், நைலோன் கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டலாம் என்று சமாதானமானார்கள். விஞ்ஞானம் சறுக்கியது அந்த இடத்தில்தான். காதில் குத்தினது காதோடு இருக்கும். கழுத்தில் கட்டினதை யாரும் அவிழ்க்கலாம்.

"இந்த முறை பிறந்த குட்டியளுக்கு மட்டும்தான் நம்பர், ஐயா" என்று விளக்கினாள் துஷாந்தி. "ஒவ்வொண்டும் மந்தையில எவ்வளவு காலம் நிக்குது, எதால போகுது எண்டு பாக்கப்போறன். வித்தா வித்தது எண்டு சொல்லுங்கோ. செத்தா செத்தது. நாய் கடிச்சா அதையும் சொல்லுங்கோ."

ஃபோனில் வேறோர் ஊர் ஆடுகளின் கோடு ஒன்றைக் காட்டினாள். மேலே தொடங்கி, மலையிலிருந்து இறங்கும் படிக்கட்டு மாதிரி வந்தது. ஓர் ஆடு போனால் ஒரு படி இறங்குமாம்.

"ஏறவே ஏறாதா மிஸ்?"

"ஏறாது ஐயா. போனது போனதுதான்."

"கடைசி வரைக்கும் போகாம நிக்கிற ஆடு?"

"அதுகளையும் விடமாட்டம். எப்ப போகும் எண்டு தெரியாது. ஆனா இவ்வளவு காலமும் நிண்டது எண்டு தெரியும்தானே. அதையும் கணக்கில சேர்ப்பம்."

சும்மா நின்றதற்கே மதிப்புக் கொடுக்கிற ஒரு படிப்பு இருக்கிறது என்பதை, பள்ளிக்கூடத்திலேயே நிற்காத கணபதி அன்றுதான் கேள்விப்பட்டார். அவருக்கு அது மிகவும் பிடித்துப்போனது. பிடித்துப்போனதால் கெடுத்துவிடத் தீர்மானித்தார்.

துஷாந்தியின் பஸ் வளைவில் மறைவதற்குள் ஏழாம் நம்பர் குட்டியின் வில்லை சுந்தரியின் கழுத்துக்கு மாறியிருந்தது. மாலையில் அழகம்மா வந்து பார்த்தார்.

"இது என்ன, கெழவிக்கும் நம்பரு?"

"ஒரு குட்டிக்குப் பதிலா கெழடு ஒண்ணு வேணுமாம். படிப்புக்கு." கணபதி சுந்தரியைப் பார்க்காமல் சொன்னார். "நம்பர் போட்ட ஆட்ட, படிப்பு முடியிற வரைக்கும் விக்கக் கூடாதாம். அந்த மிஸ்சு மேலிடத்துல பதில் சொல்லணுமாம். பாவம்."

அந்தப் 'பாவம்' நல்ல வேலை செய்தது. அழகம்மா விற்கிற பேச்சை விட்டுவிட்டு உள்ளே போனார்.

ஆனால் பொய்க்கும் தீனி போட வேண்டியிருந்தது. நம்பர் இழந்த குட்டி இப்போது தடையில்லாத குட்டி. அடுத்த முறை ரிஸ்கான் வந்தபோது அழகம்மா அதைப் பிடித்துக் கொடுத்தார், அம்பிட்டியவில் ஒரு பள்ளிக்கூட ரீச்சர் வளர்க்கக் கேட்டிருந்தாராம். சுந்தரியைக் கேட்ட ரிஸ்கானிடம் கணபதி சட்டம் பேசினார். ரிஸ்கான் அதை ஊரெல்லாம் சொல்லிப் புலம்பினார். அதைக் கேட்ட பக்கத்து வீட்டு றமீஸா, மருமகன் கண் வைத்திருந்த சேவலின் கழுத்தில் மஞ்சள் ஷாம்பு போத்தலை வெட்டிக் கட்டிவிட்டாள். மருமகன் அந்த வெள்ளிக்கிழமை பருப்புத்தான் தின்றானாம்.

இப்படி மாதங்கள் ஓடின. துஷாந்தி வரும் நாட்களில் கணபதி ஆடுகளை மேட்டுக்கு ஏற்றிவிட்டு, "எல்லாம் இருக்கு மிஸ், நம்பர நான் சொல்றேன், எழுதிக்குங்க" என்பார். அவள் மேடு ஏறாதபடி மழையும் அட்டைப்பூச்சியும் அவர் பக்கம் இருந்தன.

ஒரு போயா நாள், பௌர்ணமி விடுமுறை என்பதால் அழகம்மாவுக்கு லீவு. ஆடுகள் இன்னும் பட்டியில். துஷாந்தி சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். அவள் பின்னாலேயே ரிஸ்கானின் சின்ன லொறியும் வந்தது. கணபதிக்கு இரண்டையும் ஒன்றாகப் பார்த்ததும் தைரியம் ஒரு படி இறங்கியது.

துஷாந்தி ஒவ்வொரு கழுத்தாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஏழாம் நம்பரில் நின்றாள். குனிந்து சுந்தரியின் உதட்டை விலக்கினாள்.

"ஐயா, இது போன வருசம் பிறந்த குட்டியெல்லோ?"

"ஆமா மிஸ்."

"முன்பல்லு நாலு இல்லை. மிச்சம் தேஞ்சு போச்சு."

"கவலைதான் மிஸ்" என்றார் கணபதி. "சின்ன வயசுலயே நெறைய யோசிக்கும்."

ரிஸ்கான் பட்டிக்குள் தலையை நீட்டினார். "தங்கச்சி, நீங்க நல்ல நேரத்துக்கு வந்தீக்கிறீங்க. இந்த நம்பர் போட்ட ஆட்ட விக்க ஏலாதெண்டு நீங்கதானே சென்ன? கணபதி அண்ணன் கோர்ட்டுக்குப் போற மாதிரி பேசுறார்."

துஷாந்தி நிமிர்ந்தாள். கணபதி அவளைப் பார்த்தார். வாழ்க்கையில் எத்தனையோ பேரைக் கண்ணாலேயே கூட்டுச் சேர்த்தவர் அவர். அவள் முகத்தில் இரக்கம் இருந்தது, கூட்டுச் சேரும் குணம்தான் இல்லை.

"நான் அப்பிடிச் சொல்லேல்ல, அண்ணா. நான் தடுக்க வரேல்ல. எப்ப போகுது எண்டு பாக்க மட்டும்தான் வந்தனான்." பிறகு மெதுவாகக் கேட்டாள். "ஐயா, உண்மையான ஏழு எங்க? பொய்யை எழுதினா என்ர கோடு பிழைச்சுப்போகும். ஒரு வருசப் பாடு."

"வித்தாச்சு" என்றார் அழகம்மா, புருஷனை விட்டுக் கண்ணை எடுக்காமல். "அம்பிட்டியவுக்கு. போன வெசாக் பண்டிகைக்கு முந்தின வாரம்."

துஷாந்தி எழுதிக்கொண்டாள். கயிற்றை அவிழ்த்து வில்லையைக் கையில் எடுத்தாள். ரிஸ்கான் தன் கயிற்றைச் சுந்தரியின் கழுத்தில் போட்டார். அவர் மேல் தப்பில்லை, மாதக்கணக்காகக் காத்திருந்தவர். சுந்தரி அவர் பின்னால் இரண்டடி நடந்து, லொறியைக் கண்டதும் ஓரமாக நின்றது. அது போகட்டும், பிறகு கடக்கலாம் என்கிற மாதிரி.

கணபதியின் வாயில் நாலைந்து காரணங்கள் வரிசையில் நின்றன. ஆட்டுக்கு நோய். சாமிக்கு நேர்ந்தது. பேய் பிடித்தது. எல்லாமே நல்ல சரக்கு. ஒன்றும் வெளியே வரவில்லை.

"அழகு" என்றார். "எனக்கு இது வேணும்."

"என்னத்துக்கு?"

"தெரியல. வேணும்."

அழகம்மா இருபது வருடத்துக்கு மேலாக இந்த மனிதரின் காரணங்களைக் கேட்டுக்கொண்டிருப்பவர். காரணமே இல்லாமல் ஒன்றைக் கேட்டது இதுதான் முதல் தடவை.

"இத மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?"

"சொன்னா நீ தருவியானு தெரியாதே."

"கேக்காம எப்படித் தெரியும்?" அவர் ரிஸ்கான் பக்கம் திரும்பினார். "தம்பி, கோவிச்சுக்காதீங்க. அந்தக் கறுப்புக் கிடாவ ஏத்திக்குங்க. கெழவி இருக்கட்டும்."

ரிஸ்கான் கயிற்றைக் கழற்றினார். "இத மொதல்லயே செல்லியிருந்தா நானும் ஊரெல்லாம் புலம்பியிருக்க மாட்டேனே, அண்ணே. றமீஸாட மருமகன் இன்னும் என்னோட பேசுற இல்ல."

"ஆனா ஒண்ணு" என்றார் அழகம்மா புருஷனிடம். "வேற வேலைனு ஒரு நாள் கெளம்புனீங்க, அன்னிக்கே தம்பிக்கு ஃபோன் போட்ருவேன். அது இருக்கணும்னா நீங்களும் இருக்கணும்."

கணபதி "ம்" என்று தொடங்கினார். அழகம்மா பார்த்த பார்வையில் அதைச் 'சரி' என்று முடித்தார்.

துஷாந்தி வில்லையைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றாள். "இடையில சேருறதுகளையும் சேர்க்க வழி இருக்கு, ஐயா. அது பார்வைக்கு வந்த நாளில இருந்துதான் கணக்கு, அவ்வளவுதான். ஏழு முடிஞ்சுது. இதுக்குப் புது நம்பர் தாறன். வயசை மட்டும் உண்மையாச் சொல்லுங்கோ."

கணபதி வாயைத் திறந்தார். "நீங்க இருங்க" என்று தடுத்துவிட்டு அழகம்மாவே வயதைச் சொன்னார்.

லொறி போயிற்று, துஷாந்தியும் போனாள். அன்றைக்கு லீவு என்பதால் அழகம்மா ஆடுகளின் பின்னாலேயே மேட்டுக்கு ஏறினார். இந்தக் கிழட்டு ஆட்டோடு நாள் முழுக்க என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் அவருக்கு.

ஒன்றும் நடக்கவில்லை. கணபதி பாறையில் உட்கார்ந்தார். சுந்தரி கொஞ்சம் மேய்ந்தது, பிறகு வந்து அவர் தொடையில் தலையைச் சாய்த்து அசைபோட்டது. அவர் அதன் முறிந்த கொம்பின் அடியைச் சொறிந்துகொண்டு வீதியைப் பார்த்தார். இவ்வளவுதான்.

அழகம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு பாறைக்கு வந்து, "கொஞ்சம் தள்ளு" என்றார். யாரிடம் சொன்னார் என்று கணபதி கேட்கவில்லை. அவரும் தள்ளினார், ஆடும் தள்ளிற்று.