ஜரிகை சுற்றிய ஃபியூஸ்

கரண்ட் அடித்த பிறகு பதினைந்து நாட்களுக்கு என் வலது கை என்னுடையதாகவே இல்லை. சாதம் பிசையும்போதும், நான் எழுத்தராக வேலை பார்க்கும் பள்ளிக்கூட அலுவலகத்தில் பதிவேட்டைப் புரட்டும்போதும், யாரோ என் தோளில் மாட்டிவிட்டுப் போன கையைப் போல அது கூடவே வந்தது. ஸ்விட்சைத் தொடச் சொன்னால் மட்டும் மறுத்தது. ஃபேன் போட மகளைக் கூப்பிட்டேன். கண்ணை மூடினால் ஒரு முனகல் கேட்டது. அது கிரைண்டருடையதா என்னுடையதா என்று தெரியாது.

நடந்தது சின்ன விஷயம்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இட்லிக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். ஈரக் கையால் மாவை வழித்துத் தள்ளும்போது கிரைண்டரின் உடம்பில் விரல் பட்டது. பிறகு எடுக்க முடியவில்லை. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. மகள் கூடத்திலிருந்து என்னைப் பார்த்தாள். என்னிடம் ஓடிவராமல் வாசல் பக்கம் ஓடினாள். என்னை விட்டுவிட்டுப் போகிறாளே என்று நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவள் ஓடியது மெயினை அணைக்க. நான் ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தேன். கல் நின்று, மாவு மெல்ல அடங்கிக்கொண்டிருந்தது.

பழுது பார்க்க வந்தவர், உள்ளே ஒயர் தேய்ந்து உடம்பில் பட்டிருக்கிறது என்று சொல்லி மாற்றிக் கொடுத்தார். போகும்போது, "அன்னிக்கே பீஸ் போயிருக்கணுமே, ஏன் போவல?" என்று வாசல் ஃபியூஸ் பெட்டிப் பக்கம் பார்த்துத் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். நான் அதைக் காதில் வாங்கவில்லை. மகள் வாங்கிக்கொண்டாள்.

அதுவரை கம்ப்யூட்டர்தான் படிப்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். பிளஸ் டூ முடிந்து, இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்கான விருப்பப் பட்டியலிலும் அப்படித்தான் சேமித்து வைத்திருந்தாள். கிரைண்டர் சரியான மறுநாள் பட்டியலைத் தலைகீழாக்கினாள். எல்லாக் கல்லூரிக்கும் முதலில் ட்ரிபிள் ஈ.

"எலக்ட்ரிக்கலா? பொம்பளப் புள்ள போஸ்ட்டுல ஏறுமா?" என்று அவள் அப்பா, கம்பெனி ஷிஃப்டுக்கு ஷூ மாட்டிக்கொண்டே கேட்டார்.

"ஏறுனா இன்னாபா? நீ கீழ நின்னு ஏணி புடி."

"நான் புடிச்சா ஏணியும் சேந்து ஆடும்மா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் அடுக்களைக்குள் போய், கிரைண்டரைத் தொடாமல், அதன் பக்கத்தில் நின்றேன்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வாடகை வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரர்களின் தறி. நாள் முழுக்க அதன் தட்டல் சுவர் வழியாக வரும். காலையில் தெருவில் பாவு நீட்டுவார்கள். பட்டு இழைகள் தெரு நீளத்துக்கு விறைத்து நிற்கும். நேர் மேலே மின்கம்பிகள். அந்த நாட்களில் எனக்குக் கீழே இருப்பதும் மேலே இருப்பதும் கலந்துபோயின. மத்தியானத் தூக்கத்தில் பாவுக்குள் கரண்ட் ஓடியது. மகள் அதை ஒட்டி நிதானமாக நடந்துபோனாள், ஒவ்வொரு இழையையும் விரலால் தொட்டுக்கொண்டே. தொடாதே என்று கத்துவேன். கனவிலும் சத்தம் வராது.

தொடாதே என்பது நான் முதலில் கற்ற சொற்களில் ஒன்று. மாகறல் பக்கம் நான் பிறந்த காலனிக்கு, ஊருக்குள் விளக்கெரிந்து பல வருஷம் கழித்துத்தான் கம்பம் வந்தது. வந்த அன்றே பெரியவர்கள் எங்களிடம் சொன்னது, தொடாதே. அந்தச் சொல்லை நாங்கள் வேறு இடங்களிலும் கேட்டிருந்தோம். அதனால் காரணம் கேட்கத் தோன்றாது, கை தானாகப் பின்னால் போய்விடும்.

பட்டியலை உறுதி செய்யக் கடைசி நாள் வந்தது. மாலை ஐந்து மணி வரை நேரம். உறுதி செய்யாவிட்டால் முன்பு சேமித்த பழைய கம்ப்யூட்டர் பட்டியலே நிற்கும் என்று சொல்லியிருந்தார்கள். உறுதி செய்யும் ஓடிபி என் போனுக்குத்தான் வரும்.

"அம்மா, ஓடிபி வந்துச்சா?"

வந்திருந்தது. ஆறு எண்கள்.

"வரலமா."

"டவர் இருக்குதா பாரு."

"இருக்குது. வரல."

மறுபடி அனுப்பினாள். போன் என் மடியில் அதிர்ந்தது. புடவையை அதன் மேல் இழுத்துவிட்டுக்கொண்டேன். பெற்ற பிள்ளையிடம் இவ்வளவு சுலபமாகப் பொய் வரும் என்று எனக்குத் தெரியாது. மணி நான்கைத் தாண்டியிருந்தது.

"எல்லாரும் ஒரே நேரத்துல போடறாங்க போல" என்று லேப்டாப்பை வைத்துவிட்டு எழுந்தாள். காத்திருக்கும்போது சும்மா இருக்க மாட்டாள். வாசலில் மெயின் விழும் சத்தம் கேட்டது. ஃபேன் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. திரும்பி வந்தபோது அவள் கையில் வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டை.

"இது இன்னாமா?"

கட்டையின் நடுவே தங்க நிறத்தில் ஒரு சின்னப் பின்னல்.

நான் செய்ததுதான். தை மாதத்தில் ஒருநாள், அவளுக்கு மாதிரித் தேர்வு இருந்தபோது ஃபியூஸ் போய்விட்டது. அவள் அப்பா ஷிஃப்டில். ஃபியூஸ் கம்பி இல்லை. பயந்து பயந்து மெயினை அணைத்து, வீட்டுக்கார அம்மாவிடம் வாங்கிய இரண்டு இழை ஜரிகையைச் சுற்றினேன். உடனே கருகிவிட்டது. அப்புறம் எட்டு இழையை முறுக்கிக் கட்டினேன். அதன் பிறகு போகவே இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

மெயின் விழுந்த சத்தம் கேட்டு வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்தார். "அடியம்மா, கட்டைக்கு முகூர்த்தப் பட்டு கட்டி வச்சிருக்கீங்களா!"

"நீங்க குடுத்ததுதான்கா."

"பொடவைக்குன்னு நெனச்சிக் குடுத்தேன். தெரிஞ்சா ஒரு மாங்கா புட்டாவும் போட்டுக் குடுத்திருப்பேனே."

மகள் சிரிக்கவில்லை. அந்த அம்மா போகும்வரை காத்திருந்தாள்.

"பீஸுன்னா உருகணும்மா. அதோட வேலையே அதான். நீ அத உருகாம பண்ணி வச்சிருக்க." குரல் கொஞ்சம் உடைந்தது. "ஏன் போவலன்னு பாஞ்சி நாளா மண்டைக்குள்ள ஓடிக்கினே இருந்துச்சி. அன்னிக்கு நான் தூங்கிக்கினு இருந்திருந்தா?"

இந்த ஊரில் பக்தியில் உருகுவதைப் பற்றிக் கோயிலுக்குக் கோயில் கேட்கலாம். ஒரு கம்பிக்கு அதுவே வேலை என்று அன்றுதான் கேட்டேன். எட்டு இழை. அவள் படிப்பதற்கு வெளிச்சம் வேண்டும் என்று கட்டியது.

அவள் எப்போது வாங்கி வைத்தாளோ, பையிலிருந்து ஃபியூஸ் கம்பிச் சுருளை எடுத்தாள். முடி போல மெலிந்த ஒற்றைக் கம்பி. இவ்வளவுதானா என்று கேட்டேன். இவ்வளவுதான் என்றாள். சுற்றி, திருகி முறுக்கி, கட்டையைச் செருகினாள்.

"மெயின நான் போடறேன்" என்றேன்.

"கை ஈரமா இருக்குதா பாரு. செருப்பு போட்டுக்கோ."

செருப்பைப் போட்டுக்கொண்டேன். வலது கை மறுத்தது. கொஞ்ச நேரம் அதற்காக நின்றேன். பிறகு அதுவே மெயினுக்குப் போயிற்று. உள்ளே ஃபேன் சுழலத் தொடங்கியது. என் உள்ளங்கையில் ஒன்றும் நடக்கவில்லை.

"இன்னொரு தடவ ஓடிபி அனுப்புமா. இப்ப வரும்."

அவள் என்னைப் பார்த்தாள். "முன்னாடியே வந்துச்சா?"

"ரெண்டு தடவ."

அவள் லேப்டாப்பைத் திறந்து என் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். போன் வலது கையில் அதிர்ந்தது. உடம்பு தூக்கிப் போட்டது, ஆனால் கை போனை விடவில்லை.

ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன். நான்காவதைச் சொல்லி நின்றுவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் தறி தட்டிக்கொண்டிருந்தது. அவள் திரும்பவில்லை. விரல் மட்டும் கீபோர்டுக்கு மேலே காத்திருந்தது.

மிச்சம் இரண்டையும் சொன்னேன்.