ஆள் வராத தவணைகள்

வாயைத் திறப்பதற்குக் கூலி வாங்குகிற தொழில் எங்களுடையது. கறுப்புக் கோட்டுக்குள் வெந்துபோன சகபாடிகளுக்கும், நீதிமன்ற விறாந்தையில் கால்கடுக்க நின்ற பொதுமக்களுக்கும் இது புதிய செய்தியல்ல. போர் ஓய்ந்திருந்த சமாதான காலத்தில் நான் வவுனியாவில் சட்டத்தரணியாக இருந்தேன். மனைவியும் மகளும் கனடாவில். முன்னறையில் அலுவலகம், பின்னறையில் கட்டில். கட்சிக்காரர் எவரும் வராத நாளில் என் குரல் எனக்கே கேட்காது.

கதைக்குக் கூலி

வன்னிக்குப் போகும் பாதை திறந்த புதிதில், அந்தப் பக்கத்துப் பரந்தனிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். எங்கள் தொழிலின் பழைய பெயரை விடாமல் என்னைப் 'பிறக்கிராசியார்' என்றே கூப்பிட்டார். வவுனியாவில் அவருடைய தங்கைக்குக் கொடுத்த சீதனக் காணியில் எல்லைத் தகராறு. ஐந்து நிமிடத்தில் ஆலோசனை முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவரை விடாதது நான்தான். மழையைக் கேட்டேன், வயலுக்குள் வந்த யானையைக் கேட்டேன், பேரப்பிள்ளைகளின் பெயரெல்லாம் கேட்டேன். பொழுது சாய்ந்து அவர் எழும்பியபோதுதான் தொழில் ஞாபகம் வந்து கட்டணத்தைச் சொன்னேன். மனிதர் உண்மையாகவே திகைத்துப்போனார்.

"கதைச்சதுக்கும் காசோ? நீங்கள் தனிய இருக்கிறபடியால் ஆசைக்குக் கதைக்கிறியள் எண்டெல்லோ நான் நினைச்சன்!"

ஒன்றும் நடக்காத நாள்

பரமேஸ்வரியக்கா விசுவமடுவிலிருந்து வருவார். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூப்பு, விதவை. குருமன்காட்டில் கணவர் கட்டிய வீட்டை, இடம்பெயர்ந்தபோது தெரிந்த ஒருவனிடம் பார்த்துக்கொள்ளும்படி விட்டுப் போயிருந்தார். திரும்பி வந்து கேட்டால் "இது என்ர வீடு" என்கிறான். பத்து வருடம் தடையில்லாமல் இருந்துவிட்டால் சட்டமும் அவன் பக்கம் சாய்ந்துவிடும். அதற்குள் வழக்குப் போட்டோம். அது எக்காரணம் கொண்டும் தள்ளுபடியாகக் கூடாது. தள்ளுபடியானால் வீடு போனதுதான்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு தவணைக்கும், அதாவது வழக்குக் கூப்பிடும் ஒவ்வொரு நாளுக்கும், காசு. வழக்கு நடந்தாலும் காசு, தள்ளிப்போட்டாலும் காசு. அக்கா முதல்நாளே புறப்பட்டு, சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, காலையில் வந்து நிற்பார். எதிராளிக்கு வயிற்றுவலி என்று வழக்குத் தள்ளிப்போகும். அவருக்கு முகம் விழும். எனக்கோ, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அடுத்த மாதமும் ஓர் ஆள் வந்து "சாப்பிட்டனீங்களோ தம்பி?" என்று கேட்கும் என்று மனம் ஆறும். ஒருநாள் காசை மேசையில் வைத்துவிட்டு அக்கா கேட்டார்:

"ஏதும் நடந்தால் தாறதில ஒரு ஞாயம் இருக்கு. ஒண்டும் நடக்காததுக்கும் ஒரே காசோ தம்பி?"

மூன்று தரம் கூப்பிட்டும்

பிறகு பாதை மூடப்பட்டது, அக்கா அந்தப் பக்கம் அகப்பட்டுக்கொண்டார். சண்டை தொடங்கியது. தவணைகள் மட்டும் நிற்கவில்லை. நீதிமன்றச் சேவகர் விறாந்தைக்குப் போய் அக்காவின் பெயரை மூன்று தரம் உரக்கக் கூப்பிடுவார். மூன்றாவது தரம் அந்தப் பெயர் தெருவரைக்கும் போய்விட்டுச் சும்மா திரும்பி வரும். உடனே எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழும்பி வழக்கைத் தள்ளுபடி செய்யச் சொல்வார். நானும் எழும்பித் தவணை கேட்பேன்.

கட்சிக்காரர் தன் சார்பில் நிற்க எங்களுக்கு எழுதித் தரும் அதிகாரப் பத்திரத்தைப் புரொக்சி என்போம். கட்சிக்காரர் செத்தால் அதுவும் செத்துவிடும். ஆகவே நான் எழும்பி நிற்பதென்றால், அக்கா உயிரோடு இருக்கிறார் என்று நான் சொல்வதாகத்தான் அர்த்தம். ஒருநாள் நீதிபதி நேரடியாகவே கேட்டார். "இருக்கிறார், கனம் கோட்டார் அவர்களே" என்றேன். தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்வது எங்களுக்குப் பழக்கம்தான். மாதக்கணக்கில் அவரைப்பற்றி ஒரு தகவலும் இல்லை. வெளியே வந்ததும் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி என் தோளில் கை போட்டார். கெட்ட மனிதரல்ல.

"காசும் வரேல்லை, ஆளும் வரேல்லை. ஆருக்காக மச்சான் எழும்பி எழும்பி நிக்கிறாய்?"

கம்பிக்கு வெளியே

சண்டை முடிந்தபின், தப்பி வந்த சனத்தை அடைத்து வைத்திருந்த செட்டிகுளம் முகாம்களுக்குப் போய்வரும் பாதிரியார் ஒருவர் அக்காவைக் கண்டதாகச் சொன்னார். சட்டத்தரணி என்றால் வாசலோடு திருப்பிவிடுவார்கள் என்று கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போனேன். என்ன உறவு என்று கேட்டான் சிப்பாய். "அக்கா" என்றேன். அந்தச் சொல்லைச் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கம், வெய்யிலில், கால்வாசி ஆளாக வந்து நின்றார். தனியத்தான் வந்தாராம். யார் யார் வரவில்லை என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சுற்றிலும் சனம் கத்திக் கத்திக் கதைத்துக்கொண்டிருந்தது. வேறு ஆறுதல் எனக்குத் தெரியாது. "வழக்கு இன்னும் தள்ளுபடியாகேல்லை அக்கா, வீடு போகேல்லை" என்று கத்தினேன். காசு ஒன்றுமே முடிந்திராத சேலைத் தலைப்பை அவர் கை தேடியது.

"அப்ப நான் வராத தவணையெல்லாம் நீங்கள் நிண்டனீங்களோ? நான் எவ்வளவு தரவேணும், தம்பி?"

கட்டணம் சொல்லத் தெரியாத சட்டத்தரணியை நீங்கள் எவரும் கண்டிருக்க மாட்டீர்கள். அன்று அந்தக் கம்பிக்கு வெளியே ஒருவன் நின்றான்.